உலோகம் பாதி, ஊர்க்காற்று பாதி

பினாங்கில் வீடு கட்டுபவர், கடைக்குக் கதவு போடுபவர், கோயிலுக்கு உண்டியல் செய்யக் கொடுப்பவர் என்று யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும், நான் உலோக அரிமானத்தைக் கணினியில் கணக்கிடும் வேலையில் இருப்பவன் என்று தெரிந்ததும் ஒரே கேள்விதான் வரும். "304 போடலாமா, 316 போடலாமா? எது துருப்பிடிக்காது?" இரண்டும் எவர்சில்வர் வகைகளின் எண்கள். ஒரே சொல்லில் பதில் வேண்டும் அவர்களுக்கு. நான் "எங்கே வைக்கப் போகிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்கிறேன். சிலருக்கு எரிச்சலாகவும் இருக்கிறது. என்ன செய்வது, அது தெரியாமல் பதில் சொல்ல வழியில்லை. உருகுநிலையும் அடர்த்தியும் உலோகத்தின் சொந்தச் சொத்து. அரிமானத்தைத் தாங்கும் திறன் அப்படியல்ல. அதில் பாதி, உலோகம் நிற்கும் இடத்துக்குச் சொந்தம்.

கர்னி டிரைவ் பக்கம் கடலைப் பார்த்து நிற்கும் ஓர் அடுக்குமாடியின் திறந்த நடைபாதையில் ஒரு கைப்பிடி இருக்கிறது. 304 வகை எவர்சில்வர் குழாய். மேல்பக்கம் பளபளப்புக் குன்றவில்லை. நாள் முழுக்கக் கைகள் உரசுகின்றன, மழையும் வந்து கழுவுகிறது. விரலை அடிப்பக்கமாக ஓட்டினால் சொரசொரவென்று தட்டுப்படுகிறது. கைவிளக்கைச் சாய்வாக அடித்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், பட்டறையில் மெருகு தேய்த்தபோது விழுந்த கீறல்களின் வழியே பழுப்புக் கோடுகள் ஓடுகின்றன. கோட்டுக்குக் கோடு, நடுவில் ஊசிமுனை அளவில் ஒரு கரும்புள்ளி. கூரை மறைத்து மழை படாத பகுதியில் கறை இன்னும் அடர்த்தி. குழாய் கம்பத்தோடு சேரும் இடத்தில் வெல்டிங் சூட்டில் ஏறிய நீலமும் பழுப்புமான நிறத்தைச் சுத்தம் செய்யாமல் விட்டிருக்கிறார்கள். அதைச் சுற்றி வளையமாகத் துரு.

ஒரே குழாய், ஒரே உருக்கு, ஒரே நாளில் பொருத்தியது. இரண்டு மூன்று முழத்துக்குள் மூன்று விதமான ஆயுள். எந்த உலோக அட்டவணையும் இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லாது. 304 என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான்.

எவர்சில்வரைக் காப்பது அதன் மேலிருக்கும் குரோமிய ஆக்சைடுப் படலம். எஃகில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் இருந்தால் அது தானாக உருவாகிறது. கீறினாலும் காற்றுப் பட்டால் மறுபடி வளர்கிறது. தடிமன் ஒன்றிலிருந்து மூன்று நானோமீட்டர் வரைதான். கடல் உப்பின் குளோரைடு இந்தப் படலத்தின் பலவீனமான இடத்தைத் தேடிப் பிடிக்கிறது. பெரும்பாலும் அது எஃகுக்குள் சிக்கியிருக்கும் மாங்கனீசு சல்பைடுத் துணுக்கு, அல்லது ஆழமான கீறல். அங்கே படலம் உடைந்ததும் உள்ளே உலோகம் கரைகிறது. கரைந்த அயனிகள் நீரோடு வினைபுரிந்து அமிலத்தை உண்டாக்குகின்றன. மின்சமநிலைக்காக மேலும் குளோரைடு உள்ளே இழுக்கப்படுகிறது. அமிலமும் குளோரைடும் கூடக் கூட, படலம் மறுபடி வளர வழி அடைபடுகிறது. குழி தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது. உருப்பெருக்கியில் தெரிந்த கரும்புள்ளி இதுதான். கணினியில் நாங்கள் முன்கூட்டிச் சொல்லப் பார்ப்பதும் இதைத்தான்: இந்தப் புள்ளி எப்போது பிறக்கும், பிறந்தபின் நின்றுவிடுமா, வளருமா.

இந்தக் கணக்குகளுக்கெல்லாம் மூத்தது பெல்ஜிய அறிஞர் மார்செல் பூர்பேயின் வரைபடம். கிடை அச்சில் கரைசலின் அமில, காரத்தன்மை. நிலை அச்சில் மின்னழுத்தம். எந்தப் பகுதியில் உலோகம் உலோகமாகவே இருக்கும், எங்கே கரையும், எங்கே ஆக்சைடு போர்த்திக்கொள்ளும் என்று பிரித்துக் காட்டும். தனிமங்கள் ஒவ்வொன்றுக்கும் வரைந்து 1963-இல் பெருந்தொகுப்பாகவே வெளியிட்டார். அன்று ஆய்வகத்தில் அளந்த ஆற்றல் மதிப்புகளைக் கொண்டு கையால் போட்ட கணக்கை, இன்று குவாண்டம் இயற்பியலிலிருந்தே கணினி போடுகிறது. 2011-இல் தொடங்கிய மெட்டீரியல்ஸ் புராஜெக்ட் என்ற திறந்த தரவுத்தளத்தில், கலப்புலோகத்தின் தனிமங்களைத் தேர்ந்தெடுத்தால் அதற்கான பூர்பே படம் திரையில் வந்துவிடும். இது பெரிய காரியம். ஆனால் அந்தப் படம் எது நடக்கலாம் என்று மட்டும் சொல்லும். எவ்வளவு வேகத்தில் என்று சொல்லாது. உலோகமும் நீரும் மட்டும் இருக்கும் அடிப்படைப் படத்தில் உப்புக்கும் இடமில்லை. கர்னி டிரைவுக்கு அது போதாது.

பட்டறைக்காரர்களும் பொறியாளர்களும் அன்றாடம் கையாள்வது அதைவிட எளிய ஒன்று: குழியரிப்பு எதிர்ப்பு எண். குரோமிய விழுக்காடு, அதனுடன் மாலிப்டினத்தை 3.3 மடங்கும் நைட்ரஜனை 16 மடங்கும் சேர்த்துக் கூட்ட வேண்டும். 304-க்கு ஏறத்தாழ 18 அல்லது 19, 316-க்கு 24, இரண்டு படிக அமைப்புகள் கலந்த 2205 என்ற டூப்ளெக்ஸ் எஃகுக்கு 35. வரிசைப்படுத்த நல்ல கருவி. அந்த எண்ணுக்கு வெல்டிங் சூடு தெரியாது, கீறல் தெரியாது, மழை தெரியாது.

நான் மனம் கொடுத்த கணினி மாதிரி வேறொன்று. குரோமியம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும்போது பாதுகாப்பும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட வேண்டும்தானே? அப்படி நடப்பதில்லை. பத்து விழுக்காட்டுக்குக் கொஞ்சம் கீழே எஃகு துருப்பிடிக்கிறது. கொஞ்சம் மேலே போனால் எவர்சில்வராகிவிடுகிறது. ஏன் இந்தத் தாவல்? 1986-இல் கார்ல் சீராட்ஸ்கியும் ரோஜர் நியூமனும் இதற்குத் தந்த விளக்கம் இன்றும் என்னை வியக்க வைக்கிறது. கலவையில் குரோமிய அணுக்கள் தாறுமாறாகச் சிதறிக் கிடக்கின்றன. மேற்பரப்பில் இரும்பு முதலில் கரைந்து போகிறது, குரோமியம் நிற்கிறது. நிற்கும் குரோமியங்கள் ஒன்றுக்கொன்று எட்டும் தூரத்தில் இருந்தால், நடுவில் ஆக்சிஜன் பாலம் போட்டு அவற்றை இணைக்கிறது. கோலத்தில் புள்ளிகள் போதுமான நெருக்கத்தில் விழுந்தால்தான் கம்பி அறுபடாமல் வாசலின் ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை ஓடும். புள்ளி குறைந்தால் அங்கங்கே துண்டு துண்டாகச் சுழித்து நின்றுவிடும். குரோமியத்தின் கதையும் இதேதான். ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் துண்டுகள் திடீரென்று ஒரே வலையாகச் சேர்கின்றன. படலம் முழுமை பெறுகிறது.

இதை எவரும் வீட்டுக் கணினியிலேயே செய்து பார்க்கலாம். பக்கத்துக்கு நூறு அடுக்கு வைத்த படிகம். இரும்பின் அமைப்பில் ஓர் அணுவுக்கு முதல் சுற்றில் 8 அண்டை அணுக்கள், இரண்டாம் சுற்றில் 6, மூன்றாம் சுற்றில் 12. குருட்டாம்போக்கில் குரோமியத்தைத் தூவி, ஒரு முகத்திலிருந்து எதிர்முகம் வரை தொடர்ச்சி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். முதல் சுற்று அண்டைகளை மட்டும் தொடர்பு என்று எண்ணினால் 24.6 விழுக்காட்டில்தான் வலை முழுமையாகும். இரண்டாம் சுற்றையும் சேர்த்தால் 17.5 போதும். மூன்றாம் சுற்று வரை போனால் பத்துக்குச் சற்றுக் கீழேயே சேர்ந்துவிடும். ஆலைகள் பட்டறிவால் கண்டுபிடித்த அந்தப் பத்தரை விழுக்காட்டுக்குப் பக்கத்தில், வெறும் எண்ணிக்கையும் வடிவமும் நம்மைக் கொண்டுவந்து நிறுத்துகின்றன. எந்தப் பரிசோதனைத் தரவையும் ஊட்டிப் பழக்காமல் கிடைத்த விடை இது. ஆயிரம் எடுத்துக்காட்டுகளைத் தின்று ஓர் எண்ணைக் கக்கும் இயந்திரக் கற்றலைவிட எனக்கு இந்தச் சிறு மாதிரியின் மேல் மதிப்பு அதிகம். அது காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறது.

இயந்திரக் கற்றலை நான் ஒதுக்கவில்லை. ஐந்தாறு தனிமங்களைச் சம அளவில் கலக்கும் புதுவகைக் கலவைகளில், எதை உருக்கிப் பார்ப்பது என்று தேர்ந்தெடுக்க அது நிச்சயம் உதவும். அதற்கு ஊட்டப்படும் தரவைப் பாருங்கள்: கலவையின் விழுக்காடு இருக்கும், குழியரிப்பு தொடங்கிய மின்னழுத்தம் இருக்கும், மேற்பரப்பை எவ்வளவு நுணுக்கமாகத் தேய்த்தார்கள் என்பது பல வரிசைகளில் காலியாக இருக்கும். கைப்பிடியின் அடிப்பக்கத்தைப் பார்த்தவனுக்கு அந்தக் காலியிடம் உறுத்தும்.

அணு மட்டத்துக்கு இறங்கினால் அடர்த்திச் சார்பியக் கோட்பாடு இருக்கிறது. எலெக்ட்ரான்களைத் தனித்தனியாகத் துரத்தாமல், அவற்றின் அடர்த்தியை மட்டும் கொண்டு ஆற்றலைக் கணக்கிடும் வழி. 1964-இலும் 1965-இலும் வந்த இரண்டு கட்டுரைகள் இதன் அடித்தளம். அவற்றை எழுதியவர்களில் ஒருவரான வால்டர் கோன் 1998-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். குளோரைடு அயனி ஆக்சைடின் எந்த மூலையில் ஒட்டும், ஆக்சிஜன் இல்லாத வெற்றிடத்தில் புக எவ்வளவு ஆற்றல் வேண்டும், மாலிப்டினம் பக்கத்தில் இருந்தால் அது எப்படி மாறும் என்பதெல்லாம் இதில் தெரியும். விலை என்ன என்றால், சில நூறு அணுக்களுக்கே பெரிய கணினி மூச்சு வாங்கும். அணுக்களின் அசைவைத் தொடர்ந்து பார்க்கும் கணக்கில் ஓர் அடி என்பது ஏறக்குறைய ஒரு ஃபெம்டோ வினாடி. ஒரு வினாடியை எட்ட ஆயிரம் லட்சம் கோடி அடிகள் வைக்க வேண்டும். கர்னி டிரைவின் புள்ளியோ ஆண்டுக்கணக்கில் வளர்வது. ஆகவே அணுக் கணக்கிலிருந்து கிடைக்கும் சில எண்களை எடுத்து, குழியின் உள்ளே அயனிகள் எப்படி நகர்கின்றன என்று பார்க்கும் பெரிய அளவிலான சமன்பாடுகளுக்குக் கொடுக்கிறோம். அந்த விடையை, கைப்பிடி அளவிலான மாதிரிக்குக் கொடுக்கிறோம். கைமாறும் ஒவ்வோர் இடத்திலும் ஏதோ ஒன்றை ஊகித்தே ஆக வேண்டியிருக்கிறது.

பிறை என்ற ஊரில் தொட்டிகளும் கைப்பிடிகளும் செய்யும் ஒரு பட்டறைக்கு அடிக்கடி போவேன். அங்கே மூத்த வெல்டர் ஒருவர், என் மடிக்கணினியில் வண்ண வண்ணமாக விரியும் குழியின் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"தம்பி, இதற்குள் கடல்காற்று வீசுகிறதா?"

"வீசுகிறது அண்ணே. எந்த ஊர்க் காற்று என்பதுதான் சிக்கல்."

"நம் ஊர்க் காற்றை வைத்துப் பாருங்கள். வேறு ஊர்க் காற்றை வைத்து எனக்கென்ன ஆகப் போகிறது?"

நாற்பது பக்க ஆய்வறிக்கையில் வர வேண்டிய விமர்சனம் அந்த ஒரு வரியில் இருந்தது.

வளிமண்டல அரிமானத்துக்கு ஐஎஸ்ஓ 9223 என்ற பன்னாட்டுத் தரநிலை ஒரு சமன்பாடு தருகிறது. வெப்பநிலை, ஈரப்பதம், காற்றிலிருந்து படியும் கந்தக டைஆக்சைடு, படியும் குளோரைடு ஆகிய நான்கையும் கொடுத்தால், முதல் ஆண்டில் எத்தனை மைக்ரோமீட்டர் உலோகம் போகும் என்று சொல்லும். கார்பன் எஃகு, துத்தநாகம், செம்பு, அலுமினியம் ஆகிய நான்குக்கு மட்டுமே சமன்பாடு உண்டு. எவர்சில்வர் சீராகத் தேயாமல் குழி விழுவதால் அதற்கு இல்லை. கார்பன் எஃகுக்கான சமன்பாட்டில் நம் ஊரைப் போட்டுப் பார்ப்போம். வெப்பநிலை 28 டிகிரி, ஈரப்பதம் 82 விழுக்காடு. படியும் உப்பும் கந்தகமும் நடுத்தர அளவு என்று நானே வைத்துக்கொள்கிறேன்: சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 60 மில்லிகிராம் குளோரைடு, 10 மில்லிகிராம் கந்தக டைஆக்சைடு. விடை ஏறத்தாழ 70 மைக்ரோமீட்டர். அதே உப்பு, அதே கந்தகம், அதே ஈரப்பதத்தோடு வெப்பநிலையை மட்டும் 10 டிகிரியாக இறக்கினால் 59.

வித்தியாசம் சிறிதாகத் தெரிகிறது. உள்ளே பிரித்துப் பாருங்கள். 10 டிகிரியில் கந்தகத்தின் பங்கும் உப்பின் பங்கும் ஏறக்குறையச் சமம், ஆளுக்கு முப்பதை ஒட்டி. 28 டிகிரியில் கந்தகத்தின் பங்கு 11-ஆகச் சுருங்குகிறது, உப்பின் பங்கு 59-ஆக இரட்டிப்பாகிறது. 10 டிகிரிக்கு மேல் வெப்பம் ஏறினால் பரப்பு சீக்கிரம் உலரும், ஆகவே கந்தகத்தின் வேலை குறையும் என்பது சமன்பாட்டுக்குள் பொதிந்த அனுமானம். அதாவது குளிர்நாட்டின் தொழிற்பேட்டையில் புகைதான் முதல் எதிரி என்றால், பினாங்கில் உப்புதான். பிற நாட்டு அனுபவத்தை வைத்துத் தொழிற்சாலைப் பக்கத்துக்கு மட்டும் உயர்ந்த பூச்சும் கடற்கரைக்குச் சாதாரணப் பூச்சும் எழுதிக் கொடுப்பவர்கள் இந்த இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும்.

இந்தச் சமன்பாட்டின் கணக்கு மூன்றில் ஒரு பங்கு குறையலாம், பாதி கூடலாம் என்று அந்தத் தரநிலையே நேர்மையாகச் சொல்லிவிடுகிறது. எனக்கு மனக்குறை வேறு. இதில் மழை இல்லை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும் ஊரில் மழைதான் இலவசமாகக் கழுவிவிடும் கை. அது படும் மேல்பக்கமும் படாத அடிப்பக்கமும் சமன்பாட்டின் பார்வையில் ஒன்றுதான்.

"உலரும்" என்ற அனுமானமும் இங்கே தடுமாறுகிறது. சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் உண்டு. அதற்கு 33 விழுக்காடே போதும். பினாங்கின் உச்சி வெயிலிலும் ஈரப்பதம் அவ்வளவு கீழே இறங்குவதில்லை. ஆக, கண்ணுக்குக் காய்ந்ததாகத் தெரியும் கைப்பிடியில் கண்ணுக்குத் தெரியாத ஈரம் பெரும்பாலான நேரம் இருக்கிறது. நண்பகலில் நீர் வற்ற வற்ற, மிஞ்சும் துளியில் குளோரைடின் செறிவு ஏறுகிறது. வெயில் காய்வதால் பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. எவர்சில்வருக்கு அந்த நேரம்தான் கெடுதலானது. இரவு முழுக்க நீர்த்துக் கிடந்து, பகலில் செறிவேறும் இந்தச் சுழற்சியை மணிக்கு மணி கணக்கிடும் மாதிரிகளை எழுத முடியும், எழுதியும் வருகிறோம். ஊட்டுவதற்கு உள்ளூர் எண்கள்தான் பற்றாக்குறை.

ஊரின் காற்று எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இந்தத் தீவில் வேறொரு கூட்டம் நன்றாகவே அறியும். 1972-இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரத்தில் மின்னணுச் சில்லு செய்யும் ஆலைகளின் நம்பகத்தன்மை ஆய்வகங்களில் நம் பிள்ளைகள் நிறையப் பேர் வேலை பார்க்கிறார்கள். அவர்களுடைய பாடப்புத்தகத்தில் தவறாமல் வரும் பெயர், பொறியாளர் பெக். பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் அலுமினியக் கம்பித்தடம் ஈரத்தில் அரித்துப்போக எவ்வளவு காலமாகும் என்பதற்கு 1986-இல் அவர் ஒரு சூத்திரம் தந்தார். ஈரம் ஏறினால் அரிப்பு எவ்வளவு வேகமெடுக்கும் என்பதைச் சொல்லும் அடுக்கு ஏறத்தாழ 2.7, வெப்பம் ஏறினால் எவ்வளவு என்பதைச் சொல்லும் ஊக்க ஆற்றல் 0.79 எலெக்ட்ரான் வோல்ட். சில்லை 85 டிகிரி வெப்பத்திலும் 85 விழுக்காடு ஈரத்திலும் 1,000 மணி நேரம் வைப்பது வழக்கமான சோதனை. பெக் சூத்திரப்படி, அந்த 1,000 மணி நேரம் 25 டிகிரி, 50 விழுக்காடு ஈரமுள்ள குளிரூட்டிய அறையில் ஏறக்குறைய 80 ஆண்டுகளுக்குச் சமம். 30 டிகிரி, 80 விழுக்காடு ஈரமுள்ள நம் வராந்தாவில் 14 ஆண்டுகளுக்குத்தான் சமம். அதே சில்லு, அதே சோதனை, அதே தேர்ச்சி முத்திரை. இன்றைய செம்புக் கம்பிகளுக்கு எண்கள் வேறு, வழி இதுதான். அந்த ஆய்வகங்களில் பொருளைப் பற்றிப் பேசும்போது இடத்தையும் சேர்த்தே பேசுகிறார்கள். கட்டுமானத்திலும் அதே பழக்கம் வர வேண்டும் என்பது என் ஆசை.

அதற்குச் செலவு அதிகமில்லை. ஜெலுத்தோங்கில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் மொட்டை மாடியில் 100க்கு 150 மில்லிமீட்டர் அளவில் எஃகுத் தகடுகளைச் சாய்வாக மாட்டியிருக்கிறேன். மாட்டுமுன் எடை போட வேண்டும். கழற்றியபின் துருவை அமிலத்தில் கரைத்து எடுத்துவிட்டு மறுபடி எடை போட வேண்டும். குறைந்த எடையிலிருந்து தேய்மானம் கிடைக்கும். பக்கத்தில் ஈரத்திரி: ஒரு குழாயைச் சுற்றி வெண்துணி, துணியின் இரு நுனியும் கீழே இருக்கும் நீர்க்குப்பிக்குள். காற்று கொண்டுவரும் உப்பு ஈரத்துணியில் ஒட்டி நீரில் இறங்கும். மாதம் ஒருமுறை அந்த நீரில் குளோரைடை அளந்தால் ஒரு நாளுக்கு எவ்வளவு படிகிறது என்று வரும். தகட்டின் வானம் பார்த்த முகத்தையும் தரை பார்த்த முகத்தையும் புரட்டிப் பாருங்கள். மேலே துரு மெல்லியதாக, சீராக இருக்கிறது. கீழே செதில் செதிலாக, நகத்தால் தட்டினால் உதிர்கிறது. கர்னி டிரைவ் கைப்பிடியில் பார்த்த அதே வேறுபாடு. கழுவப்படும் பரப்பு, கழுவப்படாத பரப்பு என்று இரண்டு தனிச் சேமிப்புகளாக உப்பைக் கணக்கு வைக்கும்படி என் மாதிரியை இப்போது மாற்றிக்கொண்டிருக்கிறேன். மழை நாளில் முதல் சேமிப்புக் காலியாகும், இரண்டாவது நிறைந்துகொண்டே போகும்.

மழை படாத கைப்பிடிக்கு வெல்டரிடம் நான் எழுதிக் கொடுத்த பரிந்துரை இதிலிருந்தே வந்தது: 316 போடுங்கள், மெருகுக் கீறல்கள் நுணுக்கமாக இருக்கட்டும், வெல்டிங் நிறத்தை அமிலப் பசையால் முழுதாக எடுத்துவிடுங்கள், மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவச் சொல்லுங்கள். கழுவ யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தால் 2205-க்குப் போங்கள்.

ஓரிடத்து மாடி போதாது. தஞ்சோங் தோக்கோங்கிலோ பட்டர்வொர்த்திலோ கடலிலிருந்து உள்ளே தள்ளி புக்கிட் மெர்தாஜத்திலோ மாடி வைத்திருப்பவர்கள் இடம் தந்தால் தகடுகளை நானே கொண்டுவந்து மாட்டுகிறேன். எனக்கு வேண்டிய விவரம் கொஞ்சம்தான்: கடலிலிருந்து தூரம், கூரைக்கு அடியிலா திறந்த வெளியிலா, எப்போதாவது குழாய்த் தண்ணீர் படுகிறதா. மாட்டிய தேதியைத் தகட்டில் ஆணியால் அடித்துப் பொறித்துவிடுவேன். பேனாவால் எழுதினால் முதல் மழைக்காலத்தைத் தாண்டாது.